முப்பத்தேழு சதவீதத் தென்னை

எங்கள் அலுவலகத்தில் எந்தப் பொருளும் அநாதையாக இருக்கக் கூடாது. நாற்காலி, மின்விசிறி, ஸ்டேப்ளர், வாசலில் மாட்டியிருக்கும் மாதா படம் என்று எல்லாவற்றின் அடியிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஸ்டிக்கரில் ஓர் எண், அந்த எண்ணுக்கு எதிரே ஒரு மனிதரின் கையெழுத்து. கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெறும்போது எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தால்தான் விடுவிப்புச் சான்று கிடைக்கும். ஒன்று குறைந்தாலும் அவர் ஓய்வு பெற்றவர் இல்லை. திங்கட்கிழமை காலை வேலைக்கு வர வேண்டும்.

சும்மா பயமுறுத்தவில்லை. முன்பு ஸ்டோர் பொறுப்பில் இருந்தவர் ஓர் ஏணிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஏணி காணாமல் போனது. மனிதர் அதைத் தேடிக்கொண்டே ஓய்வு வயதைத் தாண்டி ஏழெட்டு வருடம் வேலைக்கு வந்து, கடைசியில் பணியிலேயே உயிரை விட்டார். சவப்பெட்டிமேல் அலுவலகம் வைத்த மலர்வளையத்திலும் ஸ்டிக்கர் இருந்தது. அது யார் பெயரில் என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

நான் டெல்ஃபின். லூசெனா நகரத்துக் கொப்பரை ஈரப்பத அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். பார்த்துக்கொள்வது என்றால் பெரும்பாலும் அவற்றிடம் கேள்வி கேட்பது. கொஞ்ச காலம் முன்பு மணிலா தலைமையகம் ஒரு முடிவெடுத்தது. இனிமேல் எந்தச் செயலியையும் கணினியில் நிறுவக் கூடாது, எல்லாம் மெய்நிகர். செயலி மணிலாவில் இருக்கும். இங்கே யாராவது திறந்தால், தேவைப்படும் துண்டு மட்டும் இறங்கி வந்து, ஒரு குமிழிக்குள் உட்கார்ந்துகொண்டு, தான் இந்தக் கணினியில்தான் குடியிருப்பதாக நம்பும். கணினியைக் கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை என்று சத்தியம் செய்யும். இரண்டும் பொய் சொல்வதில்லை என்பதுதான் என் தலைவலி.

எது இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துகொள்ள ஒரே வழி நிர்வாக இடைமுகம். நான் அதைக் கவுன்ட்டர் என்பேன். அரசாங்கக் கவுன்ட்டர் மாதிரியே நடந்துகொள்ளும். பெயரைக் கேட்டால் பெயர் சொல்லும். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேட்டால் சதவீதம் சொல்லும். பயன்பாட்டில் இருக்கிறதா என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லும். கேட்காத ஒன்றை அதுவாகச் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

இதையெல்லாம் அப்போது ஸ்டோர் அதிகாரி மோஹெங் சாரிடம் விளக்கினேன். முழுப் பெயர் ஹெர்மோஹெனெஸ் வால்தெயோன். ஸ்டிக்கர் ரோலைக் கைவளையல் மாதிரி மாட்டிக்கொண்டு நடப்பவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"அரசாங்கம் குடுத்ததா இல்லையா?"

"குடுத்ததுதான் சார்."

"அப்போ பொருள். யார் பேர்ல?"

அப்படித்தான் இல்லாத செயலிகளுக்கும் ஆள் போட்டோம். கொப்பரையின் ஈரப்பதத்தைக் கணக்கிடும் 'நியோக்' (எங்கள் மொழியில் தேங்காய்) என்ற செயலி, அலுவலகத்தின் மூத்த ஊழியர் இசிட்ரா அக்காவின் பெயருக்கு வந்தது. அக்கா அதைத் திறந்ததே இல்லை. எங்கள் அலுவலகத்துக்குக் கொப்பரை வந்து பல வருடம் ஆகிறது.

*

இசிட்ரா அக்கா ஓய்வு பெற்ற நாள் வெள்ளிக்கிழமை. மாலை நான்கு மணிக்கு தலஹிக்கான் துறைமுகத்தில் மரிந்துக்கே தீவுக்குப் படகு. ஞாயிற்றுக்கிழமை அங்கே அக்காவுக்குக் கல்யாணம்.

ஆமாம், கல்யாணம். அறுபத்தைந்து வயதில், முதல் கல்யாணம். மாப்பிள்ளை அன்ஸெல்மோ, கப்பலில் சமையல்காரராக இருந்து கரை ஒதுங்கியவர். இரண்டு முறை நாள் குறித்து இரண்டு முறையும் தள்ளிப் போனது. ஒரு தடவை அக்காவின் அம்மா படுக்கையில் விழுந்தார். இன்னொரு தடவை புயல் வந்து தேவாலயத்தின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. இந்த முறையும் தள்ளினால் பாதிரியார் முகத்தில் விழிக்க முடியாது என்று அன்ஸெல்மோ சொல்லிவிட்டார். அக்காவுக்கு அந்தப் பேச்சு உள்ளே எங்கேயோ குத்தியிருந்தது. "இந்தத் தடவ விட்டா அவ்வளவுதான் டெல்ஃபின்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

காலையிலேயே எல்லோரும் சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மோஹெங் சார் மட்டும் பாக்கி. என்னை ஸ்டோருக்குக் கூப்பிட்டார்கள். ஜன்னலே இல்லாத அந்த அறையில் சார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிரில் அக்கா, பயணத்துக்கான புதுச் செருப்போடு நின்றிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் இசிங். அந்த நியோக்க திருப்பிக் குடு, போயிட்டே இரு."

"அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதே மோஹெங். மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல."

"கையெழுத்து உன்னுது."

"நீதான் போடச் சொன்னே!"

"சொன்னேன். போட்டது யாரு?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் மடிக்கணினியைத் திறந்து கவுன்ட்டரிடம் கேட்டேன். இசிட்ரா பெயரில் என்ன இருக்கிறது? நியோக். எவ்வளவு இறங்கியிருக்கிறது? முப்பத்தேழு சதவீதம். பயன்பாட்டில் இருக்கிறதா? ஆம். நான்தான் புத்தி கெட்டுப் போய் அதைச் சத்தமாகப் படித்தேன்.

"முப்பத்தேழா?" மோஹெங் சார் நிமிர்ந்தார். "நான் குடுக்கும்போது முழுசா இருந்துச்சே."

"முழுசும் மணிலாவுல இருக்கு சார். தேவைப்பட்டதுதான் இறங்கும். பாக்கி இன்னும் வரல, அவ்வளவுதான்."

"அவ கையெழுத்துப் போட்டது முழுசுக்கு. கைவசம் இருக்கறது மூணுல ஒரு பங்கு. மிச்சம் அறுபத்துமூணு எங்க?"

"வரவே இல்ல சார். வராதது எப்படித் தொலையும்?"

"அந்த ஏணிக்காரரும் இப்படித்தான் கேட்டாரு" என்றார். ஏணியைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் அலுவலகத்தில் யாரும் பதில் பேசமாட்டார்கள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. லஞ்சம் என்ற சொல்லைக் கேட்டாலே கை கழுவுவார். அந்த நேர்மைதான் எங்கள் எல்லோருடைய உயிரையும் எடுத்தது. கடைசியில் அவரே வழியும் சொன்னார். தொலைந்த அறுபத்துமூன்றுக்கு வட்டாரத் தலைவியிடம் புகார் பதிந்து சான்று வாங்கிவர வேண்டும். கையில் இருக்கும் முப்பத்தேழைத் திருப்பித் தர வேண்டும்.

"சரி சார், முப்பத்தேழ இப்பவே நீக்கிடறேன்" என்றேன்.

"நீக்குவியா? அரசாங்கப் பொருள அழிக்கறது குத்தம். திருப்பித்தான் குடுக்கணும்."

நான் அதையும் மீறி நீக்கச் சொல்லித் தட்டிப் பார்த்தேன். கவுன்ட்டர் மறுத்துவிட்டது. செயலி பயன்பாட்டில் உள்ளது, பயன்படுத்துபவர் வெளியேறும் வரை காத்திருக்கவும் என்றது. பயன்படுத்துபவர் யார் என்று கேட்டேன். இசிட்ரா என்றது. இசிட்ரா அக்கா என் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

எங்கள் வட்டார மன்றத்தில் தெருச் சண்டை முதல் தொலைந்த கோழி வரை எல்லாமே ஒரே மேசைக்குத்தான் வரும். மேசைக்குப் பின்னால் தலைவி தியோஃபிஸ்தா. எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் போனபோது மூலையில் யாரோ ஒருவர் கரோக்கே பெட்டியில் காதல் பாட்டு ஒன்றை அடித்தொண்டையில் வதைத்துக்கொண்டிருந்தார். கேப்டன் அதை நிறுத்தச் சொல்லவில்லை, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க மட்டும் சொன்னார்.

"என்னா தொலஞ்சுது?"

"நியோக்" என்றார் அக்கா. "அறுபத்துமூணு சதவீதம்."

"நெறம்?"

"நெறம் கெடையாது கேப்டன்" என்றேன்.

"நெறம் இல்லாத சாமான் ஏது தம்பி? போன வாரம் ஒருத்தன் தண்ணி மோட்டார்லேருந்து தண்ணி திருட்டுப் போச்சுன்னு வந்தான். தண்ணிக்கே நீலம்னுதான் எழுதினேன்."

"நீலம்னே எழுதுங்க கேப்டன். எனக்கு நாலு மணிக்குப் படகு."

நீலம் என்று எழுதினார். "கடைசியா எப்போ பாத்தே?"

"பாத்ததே இல்ல."

பேனா நின்றது. "பாக்காத சாமான் தொலஞ்சுதுன்னு எப்படிம்மா தெரிஞ்சுது?"

அக்கா என் பக்கம் கையைக் காட்டினார். நான் கவுன்ட்டரைப் பற்றிச் சொன்னேன். கேப்டன் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ அதுதான் சாட்சி. சாட்சி நாற்காலியில வை" என்றார். என் மடிக்கணினியை நாற்காலியில் வைத்தேன். அது திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மரியாதையாக உட்கார வைக்கச் சொன்னார், சபையைப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.

"சத்தியம் வாங்கணும். வலது கையத் தூக்கச் சொல்லு."

"கை இல்ல கேப்டன்."

"அதுக்குப் பதிலா நீ தூக்கு."

தூக்கினேன். படித்துப் பட்டம் வாங்கிய நான், ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, ஒரு கையால் தட்டச்சு செய்துகொண்டு, மறு கையை வானத்தைப் பார்த்துத் தூக்கியபடி இருந்தேன். கரோக்கே ஆள் பாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். கேப்டன் கேட்டார், நான் தட்டினேன், வந்த பதிலைப் படித்தேன். பெயர் நியோக். முப்பத்தேழு சதவீதம். பயன்பாட்டில் உள்ளது. கேப்டன் தலையாட்டியபடி எழுதிக்கொண்டே வந்தார்.

"சம்பவம் நடந்த எடம்?"

நான் வந்த பதில்களை மேலும் கீழும் தேடினேன்.

"எங்கடா தம்பி இருக்கு அது? எந்தப் பொட்டியில?"

"கேக்கல கேப்டன்."

"கேக்கலியா?"

"எவ்வளவு இருக்குங்கறதுலதான் சண்டையே. நானும் அதத்தான் கேட்டேன்."

"நாசமாப் போச்சு. புருஷனக் காணோம்னு வர்றவ கிட்டயே நாங்க மொதல்ல எங்க போனாருன்னுதான் கேப்போம். எத்தன சதவீதம் காணோம்னா கேப்போம்?"

கரோக்கே ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் காது சிவந்துவிட்டது. எந்தக் கணினியில் என்று தட்டினேன். கவுன்ட்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இத்தனை நாளும் அது யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்திருக்கிறது. பதில்: ஸ்டோர்-2.

"ஸ்டோர்ல எனக்கு ஏது கம்ப்யூட்டர்?" என்று ஆரம்பித்த அக்கா, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, "அட மோஹெங், படுபாவி" என்றார்.

அந்த நேரம் பார்த்து அவர் கைப்பேசி அடித்தது. அன்ஸெல்மோ. பின்னால் கல்யாண விருந்துக்கு வாங்கிய பன்றி ஒன்று கத்துவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"கெளம்பிட்டியா இசிங்?"

"கெளம்பிட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே ஓடினார். நான் சாட்சியை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

*

முச்சக்கர வண்டியில் வரும்போது அக்கா கதையைச் சொன்னார். அவரும் மோஹெங் சாரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்த ஏணிக்காரரின் சவ அடக்கத்துக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். மறுநாளே மோஹெங் சாரை ஸ்டோர் பொறுப்பில் போட்டார்கள். மனிதர் வெளிறிப் போய் அக்காவிடம் வந்து நின்றார்.

"நாற்காலிக்கு மட்டும் நீ போட்டுடு இசிங்னு கேட்டான். பாவமா இருந்துச்சு, போட்டேன். அப்புறம் மேசை. அப்புறம் ஃபேன். கம்ப்யூட்டர் வந்தப்போ கேக்கக்கூட இல்ல, பேப்பர நீட்டினான், போட்டேன். யார் பேர்ல பொருளோ அவங்க பேர்லதான அத தொறக்கணும், அதனால என் ரகசியச் சொல்ல ஒரு துண்டுல எழுதி ஒட்டிக் குடுத்தேன்."

ஊரில் உள்ள ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொருவர் பெயரில் கட்டிப்போட்ட மனிதர், தன் பெயரில் எதையுமே வைத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

ஸ்டோருக்குள் நாங்கள் நுழைந்தபோது சார் வாழையிலையில் வைத்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நேராக மேசைக்குப் பின்னால் போய்த் திரையைத் திருப்பினேன்.

திரை முழுவதும் ஒரு தென்னை மரம். மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் கடல். கடல் மட்டும் அசையவில்லை, அந்தத் துண்டு இன்னும் இறங்கியிருக்காது. திரையின் ஓரத்தில் ஒட்டிய துண்டில் அக்காவின் கையெழுத்தில் ரகசியச் சொல்: அன்ஸெல்மோ. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் சார் அக்காவின் காதலர் பெயரைத் தட்டித்தான் உள்ளே போயிருக்கிறார்.

"இதுதான் சார் நியோக்" என்றேன்.

"இது படம்டா" என்றார் சார்.

"படம் இல்ல சார். நீங்க திறந்துட்டு ஒண்ணும் செய்யாம இருந்தா மரம் காட்டும். கொப்பரைக் கணக்கக் கேட்டா மிச்சம் இறங்கும். நீங்க கேக்கவே இல்ல. முப்பத்தேழும் இந்த மரம்தான்."

அவர் மரத்தைப் பார்த்தார். வாயில் இருந்த நூடுல்ஸை விழுங்க மறந்துவிட்டார். "தேங்காய் பொம்மை இருந்துச்சு. அமுக்கினேன், மரம் வந்துச்சு. எனக்கு ஜன்னல் இல்லியே டெல்ஃபின்" என்றார். ஏதோ குழந்தை சொல்வது மாதிரி இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

அக்காவுக்குப் போகவில்லை. "மோஹெங், இந்த கம்ப்யூட்டர் யார் பேர்ல?"

"உன் பேர்ல."

"நாற்காலி?"

"உன் பேர்ல."

"அப்போ அதெல்லாம் ஏன் என்கிட்ட திருப்பிக் கேக்கல?"

"இது ஸ்டோர் இசிங். ஸ்டோர்ல இருந்தா திருப்பிக் குடுத்ததா கணக்கு."

"நியோக் எங்க இருக்கு?"

சார் யோசித்தார். அவர் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. "ஸ்டோர்ல" என்றார் மெதுவாக.

"அப்போ திருப்பிக் குடுத்தாச்சு. போடு கையெழுத்த."

"அது ஆகாது." அவர் ஒற்றைக்காலில் நின்றார். "பயன்பாட்டுல இருக்குன்னு டெல்ஃபினோட கவுன்ட்டரே சொல்லுது. திருப்பின பொருள யாரும் பயன்படுத்தக் கூடாது. விதி இருக்கு."

"நல்ல விதிதான்" என்றார் அக்கா. "நாற்காலிய திருப்பிட்டேன்ல? அதுல யாரு உக்காந்திருக்கா?"

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அதுவும் அக்கா பெயரில்.

வேறு ஒருவராக இருந்தால் கத்தியிருப்பார், மழுப்பியிருப்பார். மோஹெங் சார் எழுந்து நின்றார். சொன்னேனே, நேர்மையான மனிதர். நாற்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்தார். மின்விசிறியை நிறுத்தினார். வாழையிலையை மேசையிலிருந்து எடுத்து, வைக்க இடம் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்தார்.

"இத எப்படி மூடறது?"

மூலையில் இருந்த சிறு குறியைக் காட்டினேன். விரலை அங்கே கொண்டுபோனவர் அமுக்கவில்லை. மரம் இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது. அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதட்டத்தான் வாயைத் திறந்தார், ஆனால் "மோஹெங், படகு போயிடும்" என்று கெஞ்சலாகத்தான் வந்தது.

அமுக்கினார். திரை கறுப்பாகிவிட்டது.

கவுன்ட்டரைக் கேட்டேன். பயன்பாட்டில் உள்ளதா? இல்லை. தொலைந்த அறுபத்துமூன்றைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "கேக்காதது வரல. வராதது தொலையல" என்று முணுமுணுத்தார். காலையில் நான் சொன்னதைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

சான்றை நீட்டினோம். எதன்மேல் வைத்து எழுதுவது? மேசையைத் தொடமாட்டேன் என்றார். "குனி" என்றார் என்னிடம். குனிந்தேன். அக்காவின் சொந்தப் பேனாவால், என் முதுகின்மேல் வைத்து, ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டார். ஆயிரம் தடவை போட்டுப் பழகிய கை, முதுகில் ஈ ஊர்ந்த அளவுகூட உறைக்கவில்லை.

அக்கா சான்றை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வெளியே முச்சக்கர வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஆனால் வண்டியில் ஏறாமல் எதிர்க் கடைக்குள் போனார். அக்கா, படகு! என்று கத்தலாம் போல இருந்தது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் ஸ்டூல். அதைக் கொண்டுவந்து அறை நடுவில் வைத்தார்.

மோஹெங் சார் ஸ்டூலைச் சாய்த்து அடியில் பார்த்தார். ஸ்டிக்கர் இல்லை.

"யார் பேர்ல?"

"யார் பேர்லயும் இல்ல. உக்காரு மோஹெங்."

அவர் உட்கார்ந்தார். அக்கா அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

*

நான்கு மணி அடித்து வெகு நேரம் கழித்து அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. படகின் கம்பி, கடல், காற்றில் பறக்கும் அவர் தலைமுடி. நான் அதை ஸ்டோருக்கு எடுத்துப் போனேன். சார் இன்னும் ஸ்டூலில்தான் இருந்தார், கறுப்புத் திரைக்கு எதிரில், இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு. விசிறி இல்லாமல் வியர்வையில் நனைந்திருந்தார். படத்தைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார்.

"இதுல கடல் அசையுமா?"

"இது ஃபோட்டோ சார். அசையாது."

தலையாட்டினார். அப்புறம் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்த மரம் வேணும்னா என்ன செய்யணும்?"

"யாராவது ஒருத்தர் பேர்ல வாங்கணும் சார். உங்களுக்குத் தெரியாததா?"

"மரத்துக்கு மட்டும் போட்டாப் போதுமா?"

"கம்ப்யூட்டருக்கும் போடணும். மரம் அதுலதான நிக்குது."

"மேசைக்கும்?"

"கம்ப்யூட்டர் எதுல நிக்கும் சார்?"

வெகு நேரம் யோசித்தார். ஏணிக்காரரை நினைத்திருப்பார். நான் அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்த இப்போது யாருக்கும் படகு இல்லை.

"நாற்காலி வேணாம்" என்றார் கடைசியில். "ஸ்டூல் இருக்கு."

மேசை இன்னும் அவர் பெயருக்கு வரவில்லை என்பதால் அதன்மேல் எழுதமாட்டேன் என்றார். நான் மறுபடியும் குனிந்தேன். முதுகில் காகிதத்தை வைத்தார், பேனா முனையை வைத்தார். பிறகு, தன் பெயரில் முதல்முறையாக ஒரு பொருளுக்குக் கையெழுத்துப் போட்டார். எழுத்துக்கு எழுத்து பேனா முனை அழுந்தி என் முதுகில் உறைத்தது.